தோழியரோடு கோடை: அருவி, ஆறு, கச்சேரி – வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் இந்தத் தடவை பாதிக்கு மேல் ஊர் சுற்றுவதைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். மே முதல் வாரம் பரீட்சை முடிகிறது. மறுநாளே குற்றாலம் போவோம் என்கிறார்கள் நாலு பேர். தண்ணீரே இருக்காது என்கிறாள் ஒருத்தி. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அந்த ஒருத்தி சொல்வதுதான் சரி. குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. ஜூனில் சாரல் பிடித்தால் ஆகஸ்ட் வரை குளிக்கலாம். மே முதல் வாரத்தில் பேரருவிப் பாறை பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். இடையில் கோடை மழை கொட்டினால் திடீரென்று விழும். பயப்பட வேண்டிய தண்ணீர் அதுதான். மலை மேலே பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது.

மேயில் குளித்தே ஆக வேண்டுமென்றால் பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவிக்குப் போங்கள். தாமிரபரணித் தண்ணீர் என்பதால் கோடையிலும் விழும். மணிமுத்தாறு அருவி இரண்டாவது தேர்வு. அங்கே வனத்துறை அவ்வப்போது குளிக்கத் தடை போடும் என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு பாக்கெட் எதுவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஆசை இருந்தால் வீட்டுக் கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் வழிந்த எண்ணெய்தான் அடுத்து வருகிறவளை வழுக்கி விழ வைக்கிறது.

நெல்லையிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசத்துக்குப் பஸ் இருக்கிறது. காலை ஒன்பதுக்குள் தண்ணீரில் நின்றால்தான் நிம்மதியாகக் குளிக்கலாம். பதினொன்றுக்கு மேல் வேன் கூட்டம் வந்து இறங்கும்.

அருவிக்கு நேர் கீழே உச்சந்தலையைக் காட்டாதீர்கள். தண்ணீரோடு சிறுகல்லும் வரும். பாறையை ஒட்டி ஓரமாக நின்று, முதுகிலும் தோளிலும் வாங்குங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். தண்ணீரின் வேகத்தில் கழுத்தை இழுக்கும், காலைச் சுற்றும். பருத்திச் சுடிதார் நனைந்தால் கனத்துப்போகும், காயவும் காயாது. பாலியஸ்டர் கலந்த குர்த்தாவும் லெக்கிங்ஸும் போதும். கம்மல், கொலுசு, செயின் வீட்டிலேயே இருக்கட்டும். கால்களுக்கு ரப்பர் செருப்பைவிடப் பின்பட்டை வைத்த சாண்டல் நல்லது.

தெளிந்த தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, போனையும் செருப்பையும் தேடாமல் அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அக்கரையில் நிற்கும் தோழியை இக்கரைக்குக் கூப்பிடாதீர்கள். அவளவள் இருக்கிற பக்கமே ஏறட்டும்.

கட்டுச்சோறு கொண்டுபோனால் மதியத்துக்குள் கெட்டுப்போகிறது. அதற்குள் குரங்கும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. என்ன செய்ய?
– வாசகி, கடையநல்லூர்

புளியோதரைதான் தாங்கும். ஐந்து பேருக்கு முக்கால் கிலோ அரிசி, 75 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறவிட்டுப் பிறகு புளிக்காய்ச்சலில் கிளறுங்கள். காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் வியர்த்துச் சோற்றிலேயே சொட்டும். பெரும்பாலும் கெடுவது அதனால்தான். ஆறிய சோற்றை அனலில் வாட்டிய வாழையிலையில் பொட்டலமாகக் கட்டினால் தட்டும் மிச்சம். தேங்காய்ச் சட்னி எடுக்காதீர்கள். மே வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். பருப்புத் துவையல் என்றால் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரையுங்கள்.

குரங்கு வருவது பெரும்பாலும் கவர் சரசரக்கும் சத்தத்துக்கும் கையில் தொங்கும் பைக்கும்தான். மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கை முதுகுப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பூட்டிவிடுங்கள். பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கடிக்கு மட்டும்தான் அந்த ஊசி என்று இருந்துவிடாதீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. தோழிகள் ஆற்றில் இறங்கிக் குதிக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் பயமில்லைதானே?
– வாசகி, சேரன்மகாதேவி

இடுப்பளவு என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்கு அடுத்த எட்டில் கசம், அதாவது ஆழமான மடு, இருக்கலாம். ஓடும் ஆற்றில் மேலே அமைதியாக இருக்கும். அடியில் மணல் அள்ளிய குழி ஆளை முழுங்கும் ஆழத்தில் கிடக்கும். போன வருஷம் முழங்காலளவு இருந்த இடம் இந்த வருஷம் அப்படியே இருக்காது. அதனால் நாள்தோறும் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். நீச்சல் தெரியாதவர் முழங்காலைத் தாண்ட வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கும் படிகளில் பாசி பிடித்திருக்கும். உட்கார்ந்தபடியே இறங்குவதில் வெட்கமில்லை.

ஜூன் முதல் தேதியை ஒட்டி கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம். நேற்று நடந்து கடந்த ஆறு இன்றைக்கு அப்படி இருக்காது. திறப்புச் செய்தி பேப்பரில் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு உயிர்க்காப்பு வேண்டும், செலவு அதிகமில்லை. ஐந்து லிட்டர் காலி கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் பத்து மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டுங்கள். வெறுங்கேன் எறிந்தால் காற்றில் விலகும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் நேராகப் போகும். தத்தளிக்கிறவளுக்கு அப்பால் விழும்படி எறிந்து, கயிறு அவள் தோளில் படும்படி இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தவள் கரையில் உட்கார்ந்து, காலை ஊன்றிக்கொள்ளட்டும். கேன் இல்லையா, துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு வீசுங்கள். நீச்சல் தெரிந்தவள் என்றாலும் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. முங்குகிறவள் பிடிக்கிற பிடியில் இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். ஒரே இடத்தில் அக்கா தங்கை இருவரும் என்று வரும் செய்திகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

உவரிக் கடலில் குளிக்கலாமா?
– வாசகி, திசையன்விளை

கால் நனைக்கலாம். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கிற இடத்தில் அலை உடையாமல் தண்ணீர் சாதுவாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் இறங்குகிறார்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்ப வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய பேரலை இங்கே வந்து மோதும். அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் இந்த எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். எச்சரிக்கை வந்தால் மீனவர் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கரையில் வலை பின்னுகிற அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

போகிற நாளில் மாதவிடாய் வந்துவிட்டால் நான் மட்டும் பாறையில் உட்கார்ந்து பை காக்க வேண்டியதுதானா?
– பெயர் வேண்டாம், தென்காசி

வேண்டியதில்லை. பேட் மட்டும் தண்ணீரில் உதவாது. அருவித் தண்ணீரையே உறிஞ்சி ஊதிவிடும், பிசினும் விட்டுப்போகும். மாதவிடாய்க் கப் வைத்துக்கொண்டால் தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் அதை முதன்முதலாக மலையில் வைத்துப் பார்க்காதீர்கள். குறைந்தது ஒரு சுற்றாவது வீட்டில் பழகுங்கள். மடித்து உள்ளே விட்டபின் அடிப்பகுதியைச் சுற்றி விரலால் தடவினால் மடிப்பு இல்லாமல் விரிந்திருக்க வேண்டும். விரியாமல் இருந்தால் கசியும். காலையில் கிளம்பும்போது வைத்தால் எட்டு மணி நேரத்துக்குக் கவலையில்லை. எடுக்கும்போது வெறுமனே இழுக்காமல், அடியை அழுத்திக் காற்றை விட்டு எடுங்கள்.

கப் பிடிக்காதவர்கள் ஆற்றில் முழங்காலளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்றிய பேடைப் பழைய பேப்பரில் சுற்றி, மூடி இறுகும் சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவாருங்கள். காட்டில் எறிந்தால் பன்றியும் குரங்கும் கிளறும். காப்பகத்துக்குள் கழிப்பறையை நம்பாமல் பாபநாசத்திலேயே போய்விட்டு ஏறுங்கள்.

வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் தலைவலி மண்டையைப் பிளக்கிறது. மோர் குடித்தும் தீரவில்லை.
– வாசகி, சங்கரன்கோவில்

தாகம் எடுத்த பிறகு குடிப்பதால் வருவது. அக்னி நட்சத்திரத்தில், மே 4 முதல் 28 வரை, வெளியே சுற்றுகிற ஒருத்திக்கு மூன்று லிட்டராவது வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு ஈடாகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக் கூடினால் கேடு, கைக்கணக்கில் போடாதீர்கள். பதநீர் காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும்.

தோழி ஒருத்தி பிதற்றினாலோ, தடுமாறினாலோ, தொட்டால் உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது தலைவலியில்லை. நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

பொருட்காட்சித் திடலில் இன்னிசைக் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ஒரு நாள் முழுக்கக் காதில் ‘கொய்ங்’ என்றது. முன்வரிசையில் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம்.
– வாசகி, மேலப்பாளையம்

முன்வரிசை பாடகர் முகம் பார்க்கத்தான். பாட்டுக் கேட்க நல்ல இடம், ஒலி அமைப்பாளர் மிக்ஸர் போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்தை ஒட்டி. அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாக் கருவியையும் கூட்டிக் குறைக்கிறார். ஸ்பீக்கர் அடுக்குக்கு எதிரே நின்றால் பாட்டுக்குப் பதில் நெஞ்சதிர்ச்சிதான் மிஞ்சும்.

கணக்கு இப்படி. 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கும். மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஆறு டெசிபல் போலக் குறையும். ஐந்து மீட்டரில் நிற்பவர் இருபதுக்கு நகர்ந்தால் பன்னிரண்டு டெசிபல் லாபம். கால் மணி நேரம் நாலு மணி நேரமாகிவிடும், கச்சேரி முழுக்கக் கேட்கலாம்.

நகர இடமில்லையென்றால் மருந்துக்கடையில் பஞ்சு போல அமுங்கும் ஃபோம் காதடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி ஒல்லியாக்குங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. வெறும் பஞ்சை உருட்டி வைப்பதும் வீண். இரைச்சல் இரண்டு நாள் தாண்டியும் நின்றாலோ, ஒரு காது மந்தமானாலோ தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் போன் எடுக்காது. உள்ளே போகும்போதே, பிரிந்தால் எங்கே சேர்வது என்று ஒரு கம்பத்தையோ கடையையோ பேசி வையுங்கள். வாசல் இல்லை, எல்லோரும் அங்கேதான் முட்டுவார்கள்.

கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்க வெளியூர்த் தோழிகளைக் கூட்டிப்போக ஆசை. போகலாமா? எங்கே உட்கார?
– வாசகி, நாங்குநேரி

தாராளமாக. இந்தச் சீமையின் உண்மையான கச்சேரி அதுதான் என்பது எங்கள் கட்சி. பெரும்பாலும் அம்மன் கொடை செவ்வாயிலும் சுடலைமாடன் கொடை வெள்ளியிலும் வரும். வில்லுக்காரர்கள் சாமியைப் பார்த்துத்தான் பாடுவார்கள், கூட்டத்தைப் பார்த்தல்ல. அதனால் பின்னால் உட்கார்ந்தால் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில், குடம் அடிப்பவருக்கு அருகே இடம் பிடியுங்கள். வீசுகோல் நாணில் விழ, மணிகள் குலுங்க, குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டை அறைகிற அறை வயிற்றில் இறங்குவது அங்கேதான் தெரியும். கதை தெரியாத தோழிக்கு முன்னாலேயே சுருக்கமாகச் சொல்லி வையுங்கள். சாமி பிறந்த கட்டத்தில் குலவை போடுவார்கள். ஏன் என்று தெரிந்தால்தான் சேர்ந்து போட முடியும்.

இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, விழா நாட்களுக்குத் தனி அனுமதி வாங்கியிருந்தாலொழிய. மைக் இல்லாமல் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே யோகம். சாமக்கொடை நடுராத்திரியில், ஊருக்குத் திரும்பப் பஸ் இருக்காது. உறவுக்காரர் அல்லது தோழி வீட்டில் தங்க ஏற்பாடு இருந்தால் மட்டும் அதுவரை இருங்கள், இல்லையென்றால் மதியக் கொடையோடு கிளம்பிவிடுங்கள். சாமியாடுகிறவர்களைக் கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். அவர் யாரோ ஒருத்தியின் அப்பாவாக இருப்பார்.

அம்மா விட மாட்டேன் என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைக்க?
– வாசகி, வீரவநல்லூர்

கெஞ்ச வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: யார் யார் வருகிறார்கள், அவர்கள் வீட்டுப் போன் நம்பர், போகும் ரயில், திரும்பும் பஸ், அது தவறினால் அடுத்த பஸ். மாலை ஆறுக்குள் வீடு என்று போட்டால் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். அடுத்த தடவை தாள் தேவைப்படாது. கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். நெல்லையிலிருந்து தென்காசிக்கோ பாபநாசத்துக்கோ போகும் புறநகர் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும், காசு கையில் இருக்கட்டும். பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139. இரண்டையும் அம்மா போனிலும் பதிந்து கொடுங்கள்.