எடை, தொப்பை, ஊர்வாய்: டாக்டரிடம் கேளுங்க

இருபது வருஷமா பொது மருத்துவம் பார்க்கிறேன். எடை பற்றி மட்டும் கேளுங்க. முடி கொட்டுறதுக்குத் தோல் டாக்டரைப் பாருங்க.

கேள்வி: உயரம் 158 செ.மீ., எடை 61 கிலோ. உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்கிற பிஎம்ஐ கணக்கு 24.4, நார்மல்னு ஆப் சொல்லுது. டாக்டர் அதிகம்கிறார். யாரை நம்ப?

பதில்: டாக்டரை. ஆப்பில் இருப்பது உலகத்துக்கெல்லாம் பொதுவான எல்லை, 25. ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கணும்னு 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லிட்டது. அதே வருஷம் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் போட்டோவையே 'லான்செட்' மருத்துவ இதழில் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2! நம்ம ஊர்ல ஒல்லியான ஆளுக்கும் சர்க்கரை வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். பிஎம்ஐ கணக்குக்கு மூலவர் கெட்லே, பெல்ஜியத்து வானியல்காரர். 19-ஆம் நூற்றாண்டில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான்னு பார்க்கப் போட்ட கணக்கு அது. உங்களுக்குத் தையல்காரர் டேப் போதும்மா. இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்கா பாருங்க. ஆண்களுக்கு 90.

கேள்வி: கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்றாங்களே?

பதில்: கொள்ளு நல்ல பயறு. ரசம் வெச்சுச் சாப்பிடுங்க. கொழுப்பைக் கரைக்காது.

கேள்வி: ஒரு அக்கா பொடி தர்றாங்க, மாசம் அஞ்சு கிலோ குறையுமாம். மூலிகைதான்...

பதில்: வேண்டாம். சிபுட்ரமின்னு ஒரு மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம் அபாயத்தால 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையை விட்டே போச்சு. அதையே கலந்து 'மூலிகை'ன்னு வித்த சரக்குகள் அங்கே திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கு. பொடி வேகமா வேலை செஞ்சா அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

கேள்வி: ஒளிவுமறைவில்லாம பேசுவோம் டாக்டர். கேலி பண்ணினாத்தான் ரோஷம் வந்து குறைப்பாங்க. என் மச்சானை வீட்டுல எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறோம்.

பதில்: மச்சான் குறைஞ்சாரா?

கேள்வி: இல்ல. இப்ப விசேஷத்துக்கே வர்றதில்ல.

பதில்: டாக்டர்கிட்டயும் போயிருக்க மாட்டார். இங்கிலாந்தில் 50 வயசு தாண்டியவங்களை நாலு வருஷம் கவனிச்சு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. எடைக்காக அவமானப்பட்டவங்களுக்குச் சராசரியா ஒரு கிலோ கிட்ட கூடியிருந்தது. மத்தவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. என்கிட்ட ஒரு அம்மா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. போன இடத்திலெல்லாம் "முதல்ல உடம்பைக் குறை"ன்னே அனுப்பியிருக்காங்க. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 6, கடுமையான ரத்தசோகை. எடையைப் பார்த்தவங்க யாரும் அந்தம்மா கண் இமையை இழுத்துப் பார்க்கல.

கேள்வி: (வேறொருவர்) சரியாச் சொன்னீங்க. கல்யாண வீட்டுல "என்ன இப்படிப் பூசினாப்புல ஆயிட்டே"ன்னு கேட்காத சித்தி உண்டா?

கேள்வி: (பழையவர்) அப்ப குண்டா இருக்கிறது நல்லதுங்கிறீங்களா?

பதில்: எந்த வரியில சொன்னேன்? சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்றது, எல்லாம் எடையோட கூடும். அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம், ஓட்டுற விஷயமில்ல. ரோஷத்தில குறைச்சாலும் உடம்பு விடாது தம்பி. அமெரிக்காவில் எடைக் குறைப்பு டிவி போட்டியில் கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பார்த்தாங்க. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி, எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவு. பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. சோம்பேறித்தனம்னு சொல்லிடாதீங்க.

கேள்வி: வாரம் ஒரு ஊசி போட்டா இளைக்குமாமே?

பதில்: இளைக்கும். நிறுத்தினா பெரும்பகுதி திரும்பி வரும். யாருக்குப் போடலாம்னு நேர்ல பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எலுமிச்சைத் தண்ணி, தேன்?

பதில்: கொள்ளுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: அந்தப் பொடி பாதி டப்பா மிச்சம் இருக்கு டாக்டர்...

பதில்: குப்பையில.

கேள்வி: (மச்சான்காரர்) மச்சானுக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும்?

பதில்: பிபி, இடுப்பு அளவு, மூணு மாசச் சராசரி சர்க்கரை. குறட்டை இருந்தா டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கூடப் போங்க. உள்ளே வாயைத் திறக்காம உட்காருங்க.