செல்லாத கல்யாணம், செல்லுபடியாகும் உரிமைகள்

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம். கணவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறார், விவாகரத்தும் ஆகவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. நான் ஐந்து மாத கர்ப்பிணி. "இது செல்லாத கல்யாணம். கோர்ட்டுக்குப் போனாலும் உனக்கோ குழந்தைக்கோ சல்லிக்காசு கிடைக்காது" என்கிறார்கள் அவர் வீட்டார். உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் பாதி சரி; மறுபாதி வெறும் மிரட்டல். முதல் மனைவி உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகாத நிலையில் நடந்த கல்யாணம், இந்து திருமணச் சட்டம் (1955) 11-வது பிரிவின்படி தாலி கட்டிய நிமிடத்திலிருந்தே செல்லாது. கோர்ட் அதை ரத்து செய்வதில்லை, செல்லாது என்று அறிவிக்கிறது. அந்தத் தீர்ப்பு நகல் கையில் இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்குவதில் தொடங்கி மறுமணப் பதிவு வரை இழுபறிதான். நீங்கள் இப்போது வசிக்கும் ஊருக்கான குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு போடலாம். விவாகரத்துக்கு உள்ள ஓராண்டுக் காத்திருப்பு இதற்குக் கிடையாது.

இத்தகைய வழக்குகள் சறுக்கும் இடம், முதல் கல்யாணத்தை நிரூபிப்பது. "வாட்ஸ்அப்பில் அவரே ஒப்புக்கொண்டார்" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதல் கல்யாணப் பதிவின் சான்றிட்ட நகல், அது இல்லையென்றால் முதல் மனைவியோ கல்யாணத்தை நேரில் பார்த்தவரோ சொல்லும் சாட்சியம் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்தால், பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) கேட்கும் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் அவுட்டை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்யாணம் செல்லாவிட்டாலும் இந்து திருமணச் சட்டம் 16-வது பிரிவின்படி அது முறையான வாரிசு. ஆனால் உரிமை பெற்றோர் சொத்தோடு நிற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு இது: அப்பா இறக்கும் தறுவாயில் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு 3-ல் 1 பங்கு வந்திருக்கும் என்று வையுங்கள். அந்த ஒரு பங்குக்குள்தான் உங்கள் குழந்தை மற்ற வாரிசுகளோடு சேர்ந்து கேட்கலாம். தாத்தா சொத்தில் நேரடியாகக் கை வைக்க முடியாது.

மனைவி என்ற முறையில் அவர் சொத்துக்கு நீங்கள் வாரிசு ஆக முடியாது. ஜீவனாம்சம் வேறு விஷயம். செல்லாத திருமணத்திலும் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. தருவதும் மறுப்பதும் நீதிபதி முடிவு. ஏமாற்றப்பட்டவர் நீங்கள் என்பதை மனுவில் அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போதே 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். நகை, சீர்வரிசைப் பட்டியலை எடை, ரசீது, கல்யாண போட்டோவோடு இதே மனுவில் சேருங்கள்.

முதல் கல்யாணத்தை மறைத்ததற்கு, பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 82(2)-ல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. அது தனி கிரிமினல் வழக்கு.

கேள்வி: படிப்பு, வேலை எல்லாமே பொய் சொல்லிக் கட்டிக்கொண்டார். தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சேர்ந்துதான் இருக்கிறோம். ரத்து செய்ய முடியுமா?

பதில்: கஷ்டம். மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தாலே, ரத்து கேட்க வழிசெய்யும் இந்து திருமணச் சட்டம் 12-வது பிரிவின் கதவு மூடிவிடும். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது. தீர்ப்பு வராதவரை இது செல்லுபடியாகும் கல்யாணம். மிச்சமிருப்பது விவாகரத்துதான், பரஸ்பர சம்மதம் கிடைத்தால் நல்லது.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. மறுமணம் செய்யலாமா?

பதில்: கோயிலில் செய்து வைப்பார்கள், சட்டம் ஏற்காது. 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் 18-வது பிரிவில் கோர்ட்டிலும் தீர்ப்பு வாங்குங்கள். அதற்கு முன் மறுமணம் செய்தால், மேலே சொன்ன அதே 82-வது பிரிவு உங்கள் மீது பாயும்.