எஸ்எம்பிக்கெல்லாம் பில் போட்டாங்களா?

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல வீட்டுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு ஃபைல் அனுப்பற பிரச்சனைதான். அதுக்கு மெஷின்கள் பேசிக்கற பாஷைங்க (புரோட்டோகால்) தான் எஸ்எம்பி, என்எஃப்எஸ், எஃப்டிபி எல்லாம். எல்லாத்தையும் வெட்டி சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கே: வீட்ல ரெண்டு விண்டோஸ் லேப்டாப், பையனோட லினக்ஸ் மெஷின் ஒண்ணு. எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா, எஃப்டிபியா, எது நல்லது? சர்வீஸ்காரர் "நெட்வொர்க் ஷேரிங் சாஃப்ட்வேர்"னு 3,500 ரூபா கேக்கறார். (லாஸ்பேட்டை)

ப: கொடுக்காதீங்க சார். எஸ்எம்பி விண்டோஸ்லயே இருக்கு. லினக்ஸ் பக்கம் அதே பாஷையைப் பேச சாம்பா இருக்கு, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 1992ல ஆரம்பிச்சது, பைசா வாங்கறதில்ல. வீட்ல ஒரே ஒரு விண்டோஸ் இருந்தாக்கூட எஸ்எம்பிதான், யோசிக்கவே வேணாம். எல்லாமே லினக்ஸ்னா என்எஃப்எஸ் போடலாம், ஆனா ரெண்டு பக்கமும் யூசர் நம்பர் ஒத்துப்போகணும், இல்லன்னா உங்க ஃபைலை உங்களையே தொட விடாது. எஃப்டிபி பாஸ்வேர்டை மூடாம கொள்ளாம அப்படியே அனுப்பும், அதை விட்ருங்க, அந்த மாதிரி வேணும்னா எல்லாத்தையும் பூட்டி அனுப்பற எஸ்எஃப்டிபி. வந்து செட் பண்ணிக் கொடுத்தா அவரோட வேலைக்குக் கூலி கொடுங்க, அது நியாயம். சாஃப்ட்வேர்னு ஒரு பைசா கிடையாது.

கே: மேக் வாங்கியிருக்கேன், அதுக்குத் தனியா ஏதாவது வாங்கணுமா? (முத்தியால்பேட்டை)

ப: வேணாம். 2013லேருந்தே மேக்கும் எஸ்எம்பிதான் முதல்ல பேசுது.

கே: ஆன்லைன்ல என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டி வீட்ல எல்லாரும் ஃபைல் வைக்கற பெட்டி) வாங்கினேன், உள்ள ஹார்ட் டிஸ்க்கே இல்ல! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாமா? (மஞ்சக்குப்பம்)

ப: நீங்களே அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல பேருக்குப் பக்கத்துலயே "டிஸ்க்லெஸ்"னு, அதாவது டிஸ்க் இல்லாததுன்னு, இருக்கு. டிபன் பாக்ஸ் வாங்கிட்டு சாதம் எங்கன்னு கேக்கறீங்க.

கே: பழைய என்ஏஎஸ், புது விண்டோஸ் 11ல தெரியவே மாட்டேங்குது. எஸ்எம்பி1 (எஸ்எம்பியோட பழைய வெர்ஷன்) ஆன் பண்ணா வரும், 500 ரூபா ஆகும்ங்கறார் டெக்னீஷியன். பண்ணலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

ப: இதைப் படிச்சாலே எனக்கு பிபி ஏறுது, ஏன்னா இதே குழில நானும் விழுந்தவன். பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல 1,800 ரூபாய்க்கு ஒரு என்ஏஎஸ், உள்ள டிஸ்க்கோட, லாட்டரி அடிச்ச மாதிரி தூக்கிட்டு வந்தேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் மல்லுக்கட்டினதுல தெரிஞ்சது என்னன்னா அதுக்கு எஸ்எம்பி1 தவிர வேற எதுவும் தெரியாது, தயாரிச்ச கம்பெனி அப்டேட் விடறதையும் எப்பவோ நிறுத்தியாச்சு. "அந்தக் காசுக்கு வஞ்சிரம் வாங்கியிருக்கலாம்"னாங்க வீட்ல. இப்போ அது மொட்டை மாடில தண்ணி டேங்க் மூடி பறக்காம இருக்க வெயிட்டா உக்காந்திருக்கு.

விஷயம் என்னன்னா, 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒண்ணு உலகம் பூரா கம்ப்யூட்டரைப் பூட்டிப் போட்டுட்டு பணம் கேட்டுச்சே, அது மெஷின் மெஷினா தாவினதே இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே ஓட்டையை அடைக்கற பேட்ச் விட்டாச்சு, போடாதவங்க மாட்டினாங்க. அந்த வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 அப்டேட்லேருந்து எஸ்எம்பி1ஐ படிப்படியா எடுக்க ஆரம்பிச்சாங்க, இப்போ விண்டோஸ் 11 புதுசா போடறப்போ அது தானா வர்றதே இல்ல. காரணத்தோடதான் எடுத்தாங்க. அதை நம்ம ஆளு விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் ஒரு டிக் போட்டுட்டு 500 வாங்கிட்டுப் போயிடுவார், திறந்து கிடக்கற கதவு உங்க வீட்ல. ஒரு டிக்குக்கு 500!

முதல்ல அந்தப் பெட்டியோட செட்டிங்ஸ்ல எஸ்எம்பி2, எஸ்எம்பி3ன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் இருந்தா போடுங்க. இன்னொண்ணு, விண்டோஸ் 11 ப்ரோல 24எச்2ங்கற அப்டேட் வந்ததுக்கப்புறம் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரையும் அது சேத்துக்கறதில்ல, உங்க பிரச்சனை அதுவாக்கூட இருக்கலாம், அப்படின்னா என்ஏஎஸ்ல ஒரு யூசர், பாஸ்வேர்ட் போட்டாலே முடிஞ்சது. எதுவும் ஆகலன்னா டேட்டாவை எப்படியாவது வெளிய எடுத்துட்டு பெட்டிக்கு ரிட்டயர்மென்ட் கொடுங்க. எங்க வீட்ல டேங்க் ஒண்ணுதான், இல்லன்னா நானே வாங்கிப்பேன்.

கே: மாடிக்கும் கீழுக்கும் "ப்யூர் காப்பர் கேட் 6"னு பில் போட்டு கேபிள் இழுத்தாங்க. 8 ஜிபி கல்யாண வீடியோ போக 12 நிமிஷம் ஆகுது. என்எஃப்எஸ்க்கு மாத்தினா சரியாகும்னு கடைல சொல்றாங்க. நான் ரிட்டயர்டு டீச்சர், எனக்கு இதெல்லாம் தெரியாது. (கடலூர் ஓ.டி.)

ப: டீச்சர், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. 8 ஜிபிக்கு 12 நிமிஷம்னா செகண்டுக்கு 11 எம்பி, அது 100 எம்பிபிஎஸ் லைனோட உச்சம். ஜிகாபிட்ல, அதாவது 1000 எம்பிபிஎஸ் லைன்ல, அதே வீடியோ ஒண்ணேகால் நிமிஷத்துல போயிடும். எந்த புரோட்டோகால் போட்டாலும் கம்பி விடற வேகத்துக்கு மேல போகாது. விண்டோஸ்ல ஈதர்நெட் செட்டிங்ஸ்ல "லிங்க் ஸ்பீடு" 100ன்னு இருக்கான்னு பாருங்க. அப்புறம் நல்ல சின்ன கேபிளைப் போட்டு அதே ரவுட்டர்ல மாட்டிப் பாருங்க, அப்பவும் 100 தான்னா ரவுட்டர் போர்ட்டோ கம்ப்யூட்டர் போர்ட்டோ அவ்ளோதான். 1000ன்னு வந்தா இழுத்த கேபிள்லதான் கோளாறு. ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேலை செய்யணும், 100க்கு நாலு போதும், மிச்ச நாலுல ஒண்ணு முறிஞ்சாலும் பெரும்பாலும் சத்தமில்லாம 100க்கு எறங்கிடும்.

மிச்சம் விழுந்த துண்டு கேபிள் இருந்தா ஒரு கம்பியை பிளேடால மெதுவா சுரண்டுங்க. உள்ள வரைக்கும் செம்பு நிறம்னா சரி. வெள்ளையா பளபளன்னா அது அலுமினியத்து மேல செம்பு பூசினது, சுலபமா முறியும், கேட் 6னு சொல்லி விக்கவே கூடாதது. பில்லையும் அந்தத் துண்டையும் பத்திரமா வைங்க. கடைக்காரர்கிட்ட மாத்தித் தரச் சொல்லி எழுத்துல கேளுங்க, மழுப்பினா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் மசியலன்னா கடலூர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸே கிடையாது. "ப்யூர் காப்பர்"னு அவங்க கையாலயே எழுதிக் கொடுத்திருக்காங்களே, அதை விடாதீங்க.

கே: பெங்களூர்லேருந்து வீட்டு ஃபைலைப் பாக்க ரவுட்டர்ல 445 போர்ட்டைத் திறந்து விட்டுட்டேன், சூப்பரா வேலை செய்யுது. இன்னும் ஸ்பீடாக்க என்ன வாங்கலாம்? (வில்லியனூர்)

ப: தம்பி, இப்பவே மூடு. 445 எஸ்எம்பியோட வாசல், அதை இன்டர்நெட்டுக்கே திறந்து வெச்சிருக்க. மூடிட்டு எழுது, விபிஎன் (வெளியூர்லேருந்து பாதுகாப்பா வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) எப்படிப் போடறதுன்னு சொல்றேன்.