பொண்ணு நாய் படமே வரையுறான்னு கவலைப்படுற அம்மாவுக்கு

வணக்கம் மேடம். ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு நாள் பூரா நாயைத் தவிர வேற எதையும் வரைய மாட்டேங்கிறா, இது சோறு போடுமான்னு கேட்டிருக்கீங்க. போடும், ஆனா வெறும் ஆசைக்குப் போடாது, கைவேலைக்குத்தான் போடும்.

நாய் படம் வரைஞ்சே பேர் வாங்கின ஓவியர் ஒருத்தங்களைச் சொல்றேன், மார்கரீட் கிர்ம்ஸ்னு பேரு, 1885ல இங்கிலாந்துல போர்ன்மத்ல பிறந்தவங்க. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல ஹார்ப்ங்கிற நரம்பு வாத்தியம் படிச்சாங்க, அது கூடவே விலங்குகளோட உடலமைப்பு, வரையுறதுன்னு அதையும் விடாம கத்துக்கிட்டாங்க. 1910ல அமெரிக்கா போனவங்க அங்கேயே தங்கிட்டாங்க, நியூயார்க்ல இருக்கிற ப்ராங்க்ஸ் ஜூல உட்காந்து விலங்குகளைப் பாத்துப் பாத்து வரைஞ்சாங்க. நல்ல பேர் வந்தது 1920கள்ல எட்சிங் பக்கம் வந்தப்புறம்தான், அதாவது கிட்டத்தட்ட நாப்பது வயசுக்கு நெருக்கத்துல. இதை நீங்க கவனிக்கணும்.

எட்சிங்னா செப்புத் தகட்டு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல போட்டா கீறின இடம் மட்டும் அரிச்சு பள்ளமாகும், அதுல மை தேச்சு மேல துடைச்சிட்டு ஈரப் பேப்பர் வச்சு பிரஸ்ல உருட்டுவாங்க. பெயின்டிங்க ஒருத்தருக்குத்தான் விக்க முடியும், ஒரு தகட்டுலேருந்து நிறைய பிரின்ட் எடுத்து ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து போட்டு விக்கலாம், வருமானக் கணக்கே மாறிடுது பாருங்க. அதுவும் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்காட்டிஷ் டெரியருக்கு முடி கம்பி மாதிரி முரடா இருக்கும், ஊசிக் கோட்டுக்குன்னே பொறந்த மாதிரி. 1924ல கல்யாணம் ஆனப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து அந்த நாய்களை வளர்த்தாங்க, மாடல் வீட்டுக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. 1940ல லாஸிங்கிற நாயோட கதையைச் சொல்ற நாவல் முதல்ல புத்தகமா வந்தப்போ அதுக்குப் படம் போட்டதும் இவங்கதான். 1954ல இறந்தாங்க.

அதனால உங்க பொண்ணை நிறுத்தாதீங்க, ஆனா டிஜிட்டல்ல மட்டும் விட்டுடாதீங்க. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, பரோடா, சாந்திநிகேதன் மூணு இடத்துலயும் பிரின்ட்மேக்கிங், அதாவது எட்சிங் மாதிரி அச்சுல படம் எடுக்கிற கலை, கத்துக்கலாம். ஃபைன் ஆர்ட்ஸ் வேணாம்னு வீட்டுல ஒத்துக்கலன்னா பி.காமே படிக்கட்டும், ஒண்ணும் கெட்டுப் போகாது, கிர்ம்ஸும் காலேஜ்ல படிச்சது ஹார்ப்தானே. வரையுறதை மட்டும் விடக்கூடாது.

அடுத்து பேசும்போது அவ ஸ்கெட்ச்புக்கை கொண்டு வாங்க. அழகா முடிச்ச முகம் வேணாம், ஓடுற, சொறியுற, சுருண்டு தூங்குற நாயா வேணும், அந்தக் கால் மூட்டுகளை எப்படிப் போட்டிருக்கான்னு பாத்துட்டு எந்த கோர்ஸ்னு சொல்றேன்.