கை பலம் இல்லாதவங்க பாறை ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

குரூப்பா ஹைக்கிங் போறது பத்தி போன தடவை எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பாறை ஏறுறது பத்திதான், அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயசு. ரெண்டு வருஷமா கைடு கூட குரூப்பா ஹைக்கிங் போறேன், எவ்வளவு தூரம்னாலும் நடந்துடுவேன். அடுத்த தடவை போற வழியில 40 நிமிஷம் ஸ்க்ராம்ப்ளிங் இருக்காம், கையும் காலும் சேர்த்து வச்சு ஏறணுமாம், அங்கேயே கத்துக் குடுத்துடறோம்னு சொல்றாங்க. எனக்கு கையில பலமே கிடையாது, ஒரு புல்லப் கூட வராது. பேர் குடுத்துட்டேன், இப்ப பயமா இருக்கு. போகலாமா?

பதில்: தாராளமா போங்கம்மா. புல்லப் வராதுங்கறதை இன்னியோட மறந்துடுங்க.

பாறை ஏறுறது கை வேலைன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, ஆனா அது கால் வேலை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை பிடிச்சு உடம்பை இழுத்துக்கிட்டா போறோம்? தூக்கறது தொடை, கை சும்மா துணைக்கு இருக்கு. இங்கயும் அப்படித்தான். ரெண்டு வருஷமா மலை நடந்த கால் உங்களுக்கு இருக்கே, அதுதான் வேணும். கையை தலைக்கு மேல எட்டிப் பிடிச்சு தொங்கினா அஞ்சு நிமிஷத்துல முன்கை இறுகிப்போய் விரல் மடங்காது, அதனால பிடி நெஞ்சு உயரத்துலயே தேடுங்க, காலை சின்னச் சின்ன அடியா எடுத்து வைங்க, ஒரே பெரிய எட்டு வேண்டாம்.

பயத்துல எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணு இருக்கு, பாறையை கட்டிப் பிடிச்சுக்கறது. ஒட்டிக்கிட்டா பத்திரமா இருக்கற மாதிரி தோணும், நிஜத்துல அதுதான் வழுக்க வைக்கும். சரிவுல நெஞ்சை சாய்ச்சதும் எடை காலை விட்டு கைக்கும் நெஞ்சுக்கும் போயிடுது, ஷூ பாறையை அழுத்தறதுக்கு பதிலா வெளிய தள்ள ஆரம்பிக்குது, அழுத்தம் குறைஞ்சா உராய்வு குறையும், கால் போயிடும். நிமிர்ந்து நில்லுங்க, இடுப்பு காலுக்கு நேர் மேல இருக்கட்டும், பாறைக்கும் வயித்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும், அப்பதான் அடுத்த காலை எங்க வைக்கறதுன்னு குனிஞ்சு பாக்கவும் முடியும்.

நான் முதல் தடவை ஏறினப்போ ஆளுயரம் கூட இருக்காது, நடுவுல நின்னுட்டேன். வலது கால் தையல் மெஷின் மாதிரி அடிச்சுக்குது, நிறுத்த முடியல. கீழ இருந்து கைடு சத்தமே போடாம, “குதிகாலை இறக்குங்க”ன்னு மட்டும் சொன்னாரு. நுனிவிரல்ல நின்னுட்டு இருந்திருக்கேன், அது எனக்கே தெரியல. குதிகாலை ஒரு இஞ்ச் இறக்கினேன், கெண்டைக்கால் இறுக்கம் விட்டுச்சு, ஆட்டமும் நின்னுடுச்சு. பிடிப்பே இல்லாத வழவழ சரிவுலயும் இதேதான், முன்பாதத்தை நல்லா பதிச்சு குதிகாலை தாழ்த்தினா ரப்பர் நிறைய படும். சின்ன விளிம்பு மட்டும் இருந்தா பெருவிரல் பக்கத்து ஓரத்தை அதுமேல வைங்க. முட்டியை மட்டும் ஊன்றாதீங்க, முட்டில இருந்து மறுபடி எழுந்திருக்கறது பெரிய கஷ்டம், வலியும் கூட.

மூணு புள்ளி விதின்னு சொல்லிக் குடுப்பாங்க, ரெண்டு கை ரெண்டு கால், இந்த நாலுல எப்பவும் மூணு, பாறையைப் பிடிச்சுட்டு இருக்கணும், ஒண்ணு மட்டும்தான் நகரணும். ஆனா மூணுல ஒண்ணு ஆடற கல்லா இருந்தா அது மூணு இல்ல, ரெண்டுதான். அதனால எந்தக் கல்லையும் எடை போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையால தட்டிப் பாருங்க, பானையை தட்டிப் பாக்கற மாதிரிதான். கணீர்னோ கெட்டியாவோ இருந்தா சரி, டொக்குன்னு உள்ள வெறுமையா கேட்டா விட்டுடுங்க. வேற வழியே இல்லாம அதைத் தொடணும்னா கீழ்நோக்கி அழுத்துங்க, உங்க பக்கமா இழுக்காதீங்க.

கிளம்பற வரைக்கும் செய்யறதுக்கு ஒண்ணு: முட்டி உயரத்துக்கு மேல போகாத சாஞ்ச பாறை ஏதாவது கிடைச்சா கையை பின்னால கட்டிக்கிட்டு ஏறி இறங்கிப் பாருங்க. பத்து தடவை செஞ்சா காலை நம்ப ஆரம்பிச்சுடுவீங்க.

கேள்வி: ஏறிட்டேன் அக்கா, இறங்கத்தான் உயிர் போச்சு. கீழ பாத்தாலே கால் நகரல, கடைசில உக்காந்து சறுக்கிட்டே வந்தேன். இதுக்கு என்ன வழி?

பதில்: இறங்கறதுதான் கஷ்டம், உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரா இருக்கு, இறங்கும்போது கால் வைக்கற இடம் உடம்புக்கே மறைஞ்சு போகுது, போதாததுக்கு கால் அசந்து போயிருக்கற நேரம் அது.

உக்காந்து சறுக்கறதை விட்டுடுங்க. உக்காந்ததும் எடை முழுக்க பின்பக்கத்துக்கு போயிடுது, ஷூவுக்கு வேலையே இல்ல, நகர ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. லேசான சரிவுன்னா வெளிய பாத்து முட்டியை மடக்கி நடங்க, இன்னும் கொஞ்சம் செங்குத்துன்னா பக்கவாட்டுல திரும்பி ஒரு கையை பாறைமேல வச்சு இறங்குங்க, அதுக்கும் மேலன்னா தயங்காம பாறையை பாத்து திரும்பிடுங்க, ஏணில இறங்கற மாதிரி. எங்க திரும்பணும்னு இடம் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், நடுச்சரிவுல நின்னு திரும்பறதுதான் ஆபத்து.

கைடு கிட்ட கேட்டு முதல் அஞ்சடி ஏறினதும் அதே வழியில இறங்கிப் பாருங்க. இறங்க முடியாத இடத்துல ஏறாதீங்க. இதை நான் ரொம்ப கறாரா சொல்லுவேன், மேல போய் மாட்டிக்கிட்டவங்கள்ல பல பேர் ஏறத் தெரியாதவங்க இல்ல, திரும்பி வரத் தெரியாதவங்க.

கேள்வி: கிரேடு 1னா ஈஸின்னு நண்பன் சொல்றான். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம் தம்பி. பிரிட்டன்ல ஸ்க்ராம்ப்ளிங் வழிகளை கிரேடு 1, 2, 3ன்னு பிரிக்கறாங்க, 1தான் லேசானது, அமெரிக்க முறையில கிளாஸ் 1 சும்மா நடை, கிளாஸ் 3ல கை வேணும், கிளாஸ் 4ல நிறைய பேர் கயிறு போட்டுக்குவாங்க, 5 வந்தா அது முழு க்ளைம்பிங். ஆனா இந்த நம்பர் ஏறுறது எவ்வளவு கஷ்டம்னுதான் சொல்லுது, விழுந்தா என்ன ஆகும்னு சொல்றதில்ல. வேல்ஸ்ல க்ரிப் கோக்னு 923 மீட்டர் உயரத்துல ஒரு கத்திமுனை மாதிரி மலைமுகடு இருக்கு, அது கிரேடு 1தான், கை கால் வைக்க இடம் தாராளமா இருக்கு, ஆனா அங்க விழுந்து உயிரை விட்டவங்க உண்டு. அதனால நம்பரோட சேர்த்து ரெண்டு கேள்வி கேளுங்க, பள்ளம் எவ்வளவு, நடுவுல திரும்பி வர வழி இருக்கா. மழை பெஞ்சு பாசி ஊறிட்டா அந்த நம்பருக்கும் அர்த்தம் இல்லாம போயிடும்.

கேள்வி: சாதா ஜாகிங் ஷூ போதுமா மேடம்?

பதில்: மெத்து மெத்துன்னு இருக்கற ஷூ வேண்டாம், சின்ன விளிம்புல நின்னா அது வளைஞ்சு கொடுத்துடும். அடிப்பாகம் கொஞ்சம் விறைப்பா, ரப்பர் நல்லதா, குதிகால் உள்ள ஆடாம இருக்கணும். 1935ல ஆல்ப்ஸ்ல ஒரு விபத்து, விட்டாலே பிரமானிங்கற இத்தாலிய மலையேறியோட கூட வந்த ஆறு பேர் இறந்துட்டாங்க, அந்தக் காலத்து ஷூ அந்த மலைக்கும் குளிருக்கும் தாங்கலங்கறது ஒரு காரணம். அந்த துக்கத்துலதான் அவர் பள்ளம் பள்ளமா வெட்டின ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினாரு, 1937ல. வைப்ரம்ங்கற ஷூ அடிப்பாக பிராண்டோட பேர் அவர் பேர்ல இருந்து வந்ததுதான். மோதிரத்தை கழட்டி வைங்க, நடக்கற ஸ்டிக்கை மடக்கி பேக்குக்குள்ள போடுங்க, பேக் பட்டையை இறுக்கிக்கோங்க, ஆடற பேக் நம்மளையும் சேர்த்து ஆட்டும்.

கேள்வி: எனக்கு முன்னாடி போனவர் காலுல இருந்து கல் உருண்டு என் தோள்ல பட்டுச்சு. அதுக்கப்புறம் ஆசையே போச்சு. பின்னால வர்றவங்க காத்திருக்காங்கன்னு வேற அவசரப்பட வேண்டியிருக்கு.

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு, தோள் சரியாயிடுச்சுன்னு நம்பறேன். இது உங்க தப்பு இல்ல, உங்களை அவருக்கு நேர் கீழ நிறுத்தி வச்சிருக்காங்க. ஒருத்தருக்கு நேர் கீழ இன்னொருத்தர் ஏறவே கூடாது, ஒண்ணு பக்கவாட்டுல தள்ளி நிக்கணும், இல்லன்னா அவர் முடிச்சு “வாங்க”ன்னு சொல்ற வரைக்கும் ஓரமா காத்திருக்கணும். கல் நகர்ந்தா சின்னதோ பெருசோ உடனே “கல்!”னு கத்தணும், பட்டாலும் படாட்டாலும். கீழ இருக்கறவங்க அண்ணாந்து பாக்கக் கூடாது, பாறையோட ஒட்டி நிக்கணும், ஹெல்மெட் வாங்கற அடியை முகம் வாங்கிடக் கூடாது. ஹெல்மெட்டே குடுக்காத குரூப்னா அவங்க கூட பாறைப் பக்கம் போகாதீங்க.

அவசரத்துக்கு ஒரே பதில்தான். உங்க முறை வரும்போது வாயைத் திறந்து, “எனக்கு நேரம் ஆகும்”னு சொல்லிட்டு ஏறுங்க. நல்ல கைடா இருந்தா உங்களை தனக்கு அடுத்த ஆளா நிறுத்திக்குவாரு, அவர் கால் வைக்கற இடத்துல நீங்களும் வைக்கலாம்.