பிள்ளை சொன்னதைக் கேட்ட அன்றே: தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு பதில்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எட்டு வயது. அப்பாவும் அம்மாவும் முறுக்கு போட வடக்கே போயிருக்கிறார்கள். அம்மாச்சி வீட்டில் வளர்கிறாள். இரண்டு வாரமாகக் கடைசி மணி அடித்த பிறகும் கிளம்ப மாட்டேன் என்கிறாள். நேற்று என்னிடம், "மாமா ராத்திரி பக்கத்துல வந்து படுக்கச் சொல்லுது, எனக்குப் பிடிக்கல டீச்சர்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. "முதலில் அம்மாச்சியைக் கூப்பிட்டு விசாரிப்போம், எடுத்தவுடன் போலீஸ் என்றால் ஊரில் பிரச்சினையாகிவிடும்" என்கிறார் தலைமையாசிரியர். ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிவிடுவேனோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. யாரிடம், எப்படிச் சொல்வது?

பதில்: மேற்கொண்டு கேட்காமல் விட்டீர்களே, அது மிகச் சரி. ஆனால் அவள் நேற்று இரவும் அதே வீட்டில்தான் தூங்கியிருக்கிறாள். ஆகவே இன்று காலையிலேயே 1098-க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்காக இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் இலவச உதவி எண் அது. நான்கு மணிக்கு மேல் பேசினால் ஆட்கள் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும், பிள்ளை வீடு திரும்பியிருப்பாள். காலையில் சொன்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு பகல் முழுக்கக் கிடைக்கிறது.

1098-க்குச் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவு காவல்துறையிடம் சொல்லச் சொல்கிறது: சிறார் சிறப்புக் காவல் பிரிவு, அல்லது உள்ளூர்க் காவல் நிலையம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது நல்லது. குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அச்சப்படுபவரும் சொல்ல வேண்டும் என்பதே சட்டத்தின் சொற்கள். ஆதாரம் தேடித் தரும் வேலையை அது உங்கள் தலையில் வைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே பிரிவு காப்பும் தருகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒன்றுமில்லாததாக இருக்குமோ என்ற உங்கள் கேள்விக்கு விடை காண்பது விசாரணை அதிகாரியின் வேலை. அதை நீங்களே தீர்மானிக்க முயன்றால் பிள்ளையின் நாட்கள்தான் போகும்.

தலைமையாசிரியரின் அனுமதி இதற்குத் தேவையில்லை. அவருக்குத் தெரிவியுங்கள், அதையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் காவல் நிலையம் போகலாம். அங்கே வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுதி, பதிவு எண் கொடுத்து, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் இலவசம். எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. பதிந்துகொண்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

அம்மாச்சியை முதலில் கூப்பிடுவதில் உள்ள ஆபத்தைத் தலைமையாசிரியருக்குப் பொறுமையாக விளக்குங்கள். அம்மாச்சி கெட்டவர் என்பதல்ல. சந்தேகத்துக்குரியவர் அவருடைய மகன், ஒரே கூரையின்கீழ் இருப்பவர். பகலில் பள்ளியில் விசாரித்தால் சாயங்காலம் வீட்டில், "டீச்சர்கிட்ட என்னடி சொன்ன?" என்ற கேள்வி வரும். மறுநாள் பிள்ளை, "நான் சும்மா சொன்னேன்" என்பாள். சில சமயம் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டாள். வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தகவல் வரும். அதன் பிறகு அவளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. வெளியூரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லலாமே என்று தோன்றும். சொல்ல வேண்டியவர்தான், ஆனால் எப்போது, யார் சொல்வது என்பதைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒன்று கவனியுங்கள்: பள்ளிப் பதிவேட்டில் 'பெற்றோர் எண்' என்று இருப்பது பல நேரம் வீட்டில் போன் வைத்திருப்பவரின் எண். அது அந்த மாமாவின் எண்ணாகவே இருக்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவைக்கும் பேச்சு எழுந்தால் அந்த இடத்தில் நீங்கள் இருக்கவே கூடாது. குடும்பங்கள் தமக்குள் சமரசமாகி விலக்கிக்கொள்ளும் வகைக் குற்றம் இது அல்ல.

இனி எழுத்து. நேற்று அவள் சொன்னதை, தள்ளிப்போடாமல் இன்றே எழுதுங்கள். தேதி, மணி, இடம், அருகில் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள், எல்லாம் வேண்டும். அவள் சொல் அவள் சொல்லாகவே இருக்கட்டும். "பக்கத்துல வந்து படுக்கச் சொல்லுது" என்பதை "பாலியல் தொல்லை கொடுத்ததாகத் தெரிவித்தாள்" என்று மாற்றி எழுதினால், பின்னால் நீதிமன்றத்தில் அது உங்கள் சொல்லாகிவிடும், பிள்ளையின் குரல் அடிபட்டுப்போகும். உடல் உறுப்புக்கு வீட்டில் வழங்கும் பெயரைச் சொன்னால் அதையே எழுதுங்கள். இரண்டு வாரமாக மணி அடித்த பிறகும் நிற்கிறாள் என்பதைத் தேதியோடு தனியாக எழுதலாம், அது நீங்கள் கண்ணால் பார்த்தது. ஊகமும் கருத்தும் வேண்டாம். கையெழுத்திட்டு, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்வரை பீரோவில் பூட்டி வையுங்கள். செல்போனில் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்யாதீர்கள்; ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளம் வெளியில் தெரியக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரிவிக்கும்போதும் பெயரில்லாமல், புகார் கொடுத்திருப்பதை மட்டும் சொன்னால் போதும்.

அவளாகவே மறுபடி பேச வந்தால்? மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்கு எட்டாத இடம் பாருங்கள், வேப்பமரத்தடி போதும். அவள் உயரத்துக்கு உட்காருங்கள். "சொல்லும்மா", "அப்புறம்?", "கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பதைத் தாண்டி வேண்டாம். "மாமா இங்க தொட்டாரா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால், டீச்சர் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லும் வயது அது. "ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றால் தப்பு தன்மேல்தான் என்று எடுத்துக்கொள்வாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "உனக்கு உதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்று ஆளுக்கொரு முறை அவளைக் கேட்கவிடாதீர்கள். ஐந்தாவது முறை சொல்லும்போது பிள்ளைகளின் சொல் மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு பொய் என்பார்கள்.

சமீபத்தில் உடலளவில் ஏதாவது நடந்ததாக அவள் சொன்னால் மருத்துவம் அவசரம். தடயமும் சில நோய்த்தடுப்பு மருந்துகளும் 72 மணி நேரத்துக்குள்தான் பெரிதும் பயன்படும். குளிக்கவைக்க வேண்டாம். உடையை மாற்றினால் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். அரசு மருத்துவமனையிலோ மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ முதல் தகவல் அறிக்கை இன்னும் போடவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.

பிள்ளையை ஹோமில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்பது பல ஆசிரியர்களின் வாயைக் கட்டிப்போடும் பயம். நடைமுறை இதுதான். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. முடிந்தவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ கேட்க வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. சந்தேகத்துக்குரியவர் அதே வீட்டில் வசிப்பதால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோவார்கள். வீட்டில் இருக்கலாமா, வேறு இடம் வேண்டுமா என்று அந்தக் குழு மூன்று நாளில் தீர்மானிக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். பெரியம்மாவோ அத்தையோ பொறுப்பேற்க முன்வந்தால் அதையும் பார்ப்பார்கள். அவளுக்கு யாரிடம் ஒட்டுதல் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை மறக்காமல் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை கூட வரும் ஆதரவு நபரை நியமிப்பதும், சாப்பாடு, துணிமணி, பயணச் செலவுக்கு உடனடி உதவி பரிந்துரைப்பதும் குழுவின் வேலைதான். ஆதரவு நபர் கிடைத்துவிட்டாரா என்று குறைந்தது இரண்டு முறையாவது கேளுங்கள். இது விட்டுப்போகிற இடம்.

புகாரோடு உங்கள் பங்கு முடியவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பும் நாளில் வகுப்பு எப்போதும்போல இருக்க வேண்டும். அதே இடம், அதே கூட்டாளி, அதே வாய்ப்பாடு. எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பதும், திடீரென்று தலைவியாக்குவதும் அவளுக்குச் சுமை. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல ஜன்னல் திறந்திருக்கிறது. பாடம் தொடங்குமுன் யார் சாப்பிடவில்லை, யார் தூங்கி வழிகிறார்கள் என்று அங்கேயே தெரியும். அவள் தட்டைப் பாருங்கள், கேள்வி வேண்டாம். வயிற்றுவலி, வகுப்பிலேயே சிறுநீர் போய்விடுதல், கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயம் வரலாம். திட்டாதீர்கள், தோழியைத் துணைக்கு அனுப்புங்கள், மாற்று உடை ஒன்று பள்ளியில் இருக்கட்டும். நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்குத் தம்பி தங்கை அங்கன்வாடியில் இருக்கிறார்களா என்பதையும் பாதுகாப்பு அலகிடம் சொல்ல வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

பிறகு நிதானமாகப் பள்ளியைப் பாருங்கள். 2021-இல் தமிழக அரசு பள்ளிதோறும் அமைக்கச் சொன்ன மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு உங்கள் பள்ளியில் தாளில் மட்டும் இருக்கிறதா, கூடுகிறதா? பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? எழுதத் தெரியாத பிள்ளை அதில் படம் வரைந்தும் போடலாம் என்று சொல்லியிருக்கிறீர்களா? 1098-உம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் பெரிய எழுத்தில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கட்டும். 'கெட்ட தொடுதல்' என்பதைவிட 'பாதுகாப்பில்லாத தொடுதல்' என்று கற்றுக்கொடுங்கள். 'கெட்டது' தனக்கு நடந்துவிட்டதால் தானும் கெட்டுப்போனதாக நினைக்கும் பிள்ளைகள் உண்டு. தவிர, அன்பாக, மிட்டாயோடு வருகிற தொடுதலைக் கெட்டது என்று ஒரு குழந்தையால் அடையாளம் காண முடியாது. வீட்டு ஆட்களையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்நியரை மட்டும் காட்டிப் பயமுறுத்தும் பாடம், மாமா வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது.

இதெல்லாம் அடுத்த வாரம் செய்யலாம். இன்று காலை 1098, அதன்பின் மகளிர் காவல் நிலையம். எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.