ஐந்தெழுத்துக்கு அனுமதிச் சீட்டு

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தமிழ் மீடியம். காலைக் காபியோடு போனில் ‘வேர்டில்’ ஆடுவது, அதாவது ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு தடவைக்குள் ஊகிப்பது, வழக்கமாகிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டால், ‘ஐ-ஜி-எச்-டி என்று முடியும் ஐந்தெழுத்து வார்த்தைகள்’ என்று கூகுளில் தேடி, வருகிற பட்டியலில் ஒன்றைப் போட்டுவிடுவேன். இது ஏமாற்று வேலை என்கிறாள் மகள். பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தமும் தெரியாது. இதனால் இங்கிலீஷ் வளருமா? சரியாக இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இந்த விளையாட்டு தேவைதானா?

சு.வி., தஞ்சாவூர்

அன்புள்ள சு.வி.,

வளராது. அதை விடுங்கள். ஏமாற்றா இல்லையா என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ள வழக்கு, நான் நடுவே வரவில்லை. ‘தேவைதானா’ என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சும்மா ஆடுகிற விளையாட்டுக்கு யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கப் போகிறீர்கள்? இத்தனை வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கே கணக்குச் சொன்ன மனுஷருக்குக் கொஞ்சம் ரோஷம் வேண்டாமா?

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார். ஸ்கிராபிள் என்பது எழுத்து வில்லைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற பலகை விளையாட்டு. அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரத்தில் அகராதியை மனப்பாடம் செய்தார் என்றார்கள் கூட இருந்தவர்கள். 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் பட்டம் அவருக்கே. ஆங்கில ஸ்கிராபிளின் உலகப் பட்டமே 2003இலும் 2009இலும் தாய்லாந்துக்குப் போயிருக்கிறது. அர்த்தம் தெரியாதவன் எழுத்தைத் தொடக்கூடாது என்பது நம் ஊரில் மட்டும் செல்லுபடியாகிற சட்டம். இங்கிலீஷ் நமக்குச் சம்பளமாகவும் சம்பந்தமாகவும் வந்து சேர்ந்ததால் அதன் முன்னால் கைகட்டியே நிற்கிறோம். அதை வைத்து விளையாடலாம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

எங்கள் ஊர் அச்சகத்தில் ஒரு கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளை அச்சுக்கு அடுக்குகிறவர், இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்பேன். அவருக்கு ஏபிசிடி தெரியும், ஒரு வாக்கியம் வாசிக்க வராது. எழுத்து அடுக்குகிற ஸ்டிக்கை இடது கையில் பிடித்திருப்பார். வலது கை, அறை அறையாக எழுத்து கிடக்கும் கேஸைப் பார்க்காமலே போய் எழுத்தோடு திரும்பும். ஆங்கிலக் கேஸில் சின்ன ‘ஈ’க்குத்தான் பெரிய அறை. ‘இவன்தான் அதிகம் சாப்பிடுகிறவன்’ என்பார். ஒருநாள் பட்டதாரி மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை. ‘ரிசப்ஷன்’ என்ற வார்த்தையில் ‘ஈ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஐ’. ‘இந்த வரிசை எப்பவும் இப்படி வராதே தம்பி’ என்று நிறுத்திவிட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போனது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால், சாப்பாட்டுக்கு முந்தின சமாச்சாரம் என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

ஸ்கிராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களில் வேலை போன காலத்தில், நியூயார்க் டைம்ஸின் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில்தான் ‘ஈ’க்கு 12 வில்லை, ‘இசட்’டுக்கு ஒன்றே ஒன்று. அவர் எண்ணிக் கண்டதை எங்கள் கம்பாசிட்டரின் விரல் அறிந்திருந்தது. அதற்குப் பெயர் ஞானம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரை வைப்பது?

இனி உங்களுக்குத் திட்டு. கூகுள் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் போடுகிறீர்களே, அது சோம்பேறித்தனம். ஜோஷ் வார்டில் என்பவர் வேர்டிலை உண்டாக்கியது தன் துணைவி பாலக் ஷாவுக்காக. ஐந்தெழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருந்தன. தனக்குத் தெரிந்ததா தெரியாததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அதைச் சுமார் 2,500 ஆக்கியவர் அந்தப் பெண்தான். ஆகவே கேள்விப்படாத வார்த்தை விடையாக வருவது அபூர்வம்.

உங்கள் ‘ஐ-ஜி-எச்-டி’யையே எடுங்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் என எட்டு நிற்கும். மொத்தமே ஆறு வாய்ப்பு, அதில் இரண்டு மூன்று போயிருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் தோல்வி நிச்சயம் போலத்தான். அதற்குப் பதிலாக ‘ஃபிலிம்ஸ்’ என்று ஒரு தடவை போடுங்கள். அது விடை இல்லை என்று தெரிந்தே போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதனையாகிவிடும். அவற்றில் ஒன்று பச்சையோ மஞ்சளோ ஆனால், அதாவது அந்த எழுத்து விடையில் உண்டு என்று காட்டினால், விடை கையில். ஒன்றும் ஆகாவிட்டாலும் பாதி கழிந்தது. ஆனால் தெரிந்துவிட்ட எழுத்துகளை அடுத்த ஊகத்திலும் கட்டாயம் போடச் சொல்கிற ‘ஹார்டு மோட்’ போட்டிருந்தால் இந்த வித்தை நடக்காது. செட்டிங்ஸில் போய் முதலில் அதை அணையுங்கள்.